‘அவங்க’ என்று சொன்னதற்காக

சம்சுய்போ, ஹாங்காங்
14 நவம்பர் 1965

அன்புள்ள தம்பிக்கு,

வழக்கமாக உன் இருமலை விசாரித்துவிட்டுத்தான் மற்றதற்கு வருவேன். இன்று வரிசை மாறுகிறது. ‘அமெரிக்காவுல உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?’ என்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ‘இல்லீங்க’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அங்கே புதிய சட்டம் வந்திருக்கிறதாம். இத்தனை காலம் நம் இனத்தாரை ஒரு சின்னக் கல்யாணத்துக்கு அழைக்கிற அளவுக்குத்தான் வருஷத்துக்கு உள்ளே விட்டார்கள். இனி அந்தக் கணக்கு கிடையாது, அங்கே குடியுரிமை உள்ளவர் தன் அண்ணன் தம்பி அக்கா தங்கையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. நானும் நல்ல சட்டையை உடுத்திக்கொண்டு அமெரிக்க அலுவலகத்தில் போய் நின்றேன். என் முறை வந்து, அந்த இளைஞர் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் தாளில் நீ குவான் குடும்பம். என் தாளில் நான் லாம் குடும்பம். குவானுக்கு லாம் எப்படி அக்காவாக முடியும்? கணக்கை வேகமாகப் போட்டுக்கொண்டே வந்து கடைசி வரியில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளை எவ்வளவு பேரைத் திருத்தியிருப்பேன்! அன்று நானே மாட்டிக்கொண்டேன்.

மொட்டைமாடிப் பள்ளியிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அறையில் நானும் மண்ணெண்ணெய் அடுப்பும்தான். உன்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. அடுத்த முறை அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் எழுது. அந்த நாட்டுக்குத் திடீரென்று ஏன் இவ்வளவு நல்ல மனம் வந்தது என்றும் எழுது.

கம்பளி உடுத்து. வெந்நீர் குடி.

உன் அக்கா
சுய்ஹான்

◆

ஹாலோபெண்ட், மிசிசிப்பி
9 ஜனவரி 1966

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. ஊருக்கு வருகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் கடிதத்தை நான் அப்படித்தான் செய்தேன்.

குவான் என்றும் லாம் என்றும் ஒரே வரியில் எழுதிவிட்டாயே! இங்கே தபால் நிலையத்தில் சீனத்து உறை வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். செத்துப்போன ஒரு பையனின் பெயரில் பதினாறு வயதில் கப்பலேறியவன் நான். கரையிறங்கும் முன் அதிகாரிகள் ஒரு தீவில் அடைத்து வைத்து, நான் அந்த வீட்டுப் பிள்ளைதானா என்று சோதிக்க, குவான் வீட்டு ஜன்னல் எத்தனை, கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு அனுப்பினார்கள். இன்றும் தூக்கத்தில், நான் பார்த்தேயிராத அந்த வீட்டின் ஜன்னலை எண்ணிக்கொண்டிருக்கிறேன். கல்யாணம்கூடச் செய்துகொள்ளாததற்கு அதுதான் காரணம். என்னை ‘அப்பா’ என்று கூப்பிடுகிற பிள்ளைக்கும் அந்தப் பொய்யைக் கொடுக்க வேண்டுமே. உண்மைப் பெயரைச் சொன்னால் மன்னித்து இருக்க விடுகிறார்கள் என்கிறார்கள். சிலரை விட்டார்கள். பக்கத்து மாநிலத்தில் சலவைக்கடை வைத்திருந்தவர் நம்பிப் போய்ச் சொன்னார். அவர் கடையில் இப்போது வேறு ஆள். அதனால் அடுத்த முறையும் ‘இல்லை’ என்றே சொல். இனி ‘தம்பி’ என்று எழுதாதே. பழகியவர் எழுதுகிற மாதிரி எழுது. நானும் அப்படியே எழுதுவேன்.

நல்ல மனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாயல்லவா? என் கடை கறுப்பர்களின் தெருவில் இருக்கிறது. ஓட்டுரிமைக்காக இந்த மக்கள் தெருவில் நடந்து, நாயிடம் கடிபட்டு, சிறைக்குப் போய் நாட்டையே உலுக்கினார்கள். நிறம் பார்த்துக் கதவு திறப்பது வெட்கம் என்று மேலே இருப்பவர்களுக்கு ஒருவழியாகத் தோன்றியது. அந்த வெட்கத்தில் நம் பக்கத்துக் கதவும் திறந்தது. இதை எனக்குச் சொன்னவர் ஒடெஸா டார்வர் என்ற அம்மாள். பருத்தி அரவை ஆலை முதலாளி ரக்கர் வீட்டில் சமைக்கிறார். பத்திரிகையை எடுத்து எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, ‘தள்ளினது நாங்க, உள்ள வரப்போறது உங்க ஆளுங்க. வரும்போது கால தொடச்சிட்டு வரச் சொல்லுங்க மிஸ்டர் குவான்’ என்றார்.

போன வாரம் கடையில் எல்லோர் முன்னாலும், ‘நாளைக்கு கோர்ட்டுக்குப் போறேன், ஓட்டு லிஸ்டுல பேரு எழுத. நீங்களும் வாங்களேன்’ என்றார்.

‘எனக்கு எதுக்கும்மா அந்த வம்பு?’

‘ஏன், உங்க பேரு உங்களுக்கு எழுத வராதா?’

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கல்லாவைத் திறந்து, எண்ணிய சில்லறையை மறுபடி எண்ணினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

(பெயர் போடவில்லை)

◆

சம்சுய்போ
20 பிப்ரவரி 1966

மதிப்புக்குரிய குவான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலமே. தாங்கள் கொடுத்தனுப்பியது கிடைத்தது. சொன்னபடியே செய்துவிட்டேன். சாம்பல் அடுப்பில் ஒட்டிக்கொண்டு சுரண்டினாலும் போகவில்லை.

புத்தாண்டுக்கு முள்ளங்கிப் பணியாரம் செய்தேன். ஒருவருக்கு மட்டும் என்று அளந்து செய்யத் தெரியவில்லை. மிச்சத்தைப் பக்கத்து அறைக்காரர்களுக்குக் கொடுத்தேன்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வருகைப் பட்டியலில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லவே மாட்டாள். பக்கத்துப் பிள்ளைதான் ‘வந்திருக்கா டீச்சர்’ என்று சொல்லும். ஏன் என்று கேட்டபோது, பெயரைச் சொன்னால் தன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தாள். எல்லைதாண்டி வந்த குழந்தை. நான் அவளை வற்புறுத்தவில்லை. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, ஏதோ ஞாபகம் வந்தது.

தங்கள் வாடிக்கையாளர் அந்த அம்மையார் பெயர் எழுதப் போனாரா?

தாங்கள் இருமலை அலட்சியம் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
லாம் சுய்ஹான்
ஓய்வுபெற்ற ஆசிரியை

◆

ஹாலோபெண்ட்
18 ஏப்ரல் 1966

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

நலமாக இருக்கிறேன். இருமல் குறைந்திருக்கிறது. கடைக்குப் பின்னால் பாகல் விதை போட்டிருக்கிறேன்.

அந்த அம்மாள் போனார். எழுதினார். மறுநாளே ரக்கர் வீட்டில் வேலை போயிற்று. இப்போது மற்றவர்களைக் கோர்ட்டுக்கு அழைத்துப்போகிறார். அவருக்கு வீட்டில் தொலைபேசி இல்லை, என் கடையில் இருக்கிறது. ‘ஒரு போன் போட்டுக்கறேன் மிஸ்டர் குவான்’ என்பார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு முறையும் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று நான் ஜன்னலருகே நின்றுகொள்கிறேன்.

இந்த ஊர் வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரப் பெண்ணுக்குத்தான் மிஸஸ். கறுப்புப் பெண் கிழவியானாலும் வெறும் பெயர்தான், ‘வா, போ’தான். நம் ஊரில் நம்மைவிட மூத்தவரை யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? அவர் கடைக்கு வந்த முதல் நாளிலிருந்தே நான் மிஸஸ் டார்வர் என்றுதான் சொல்லி வருகிறேன். நினைத்துச் செய்ததல்ல. வேறு மாதிரி நாக்குக்கு வராது.

போன சனிக்கிழமை கடை நிறைய ஆள் இருக்கும்போது ரக்கர் வந்தான்.

‘டேய் சீனாக்காரா, அந்த ஒடெஸா எங்கடா?’

‘மிஸஸ் டார்வர் இப்பதான் போனாங்க.’

‘யாரு?’

‘மிஸஸ் டார்வருங்க.’

‘என் வீட்டுச் சமையக்காரி உனக்கு மிஸஸ்ஸா? அவ போனா. சொல்லு. அவ போனா.’

சொல்லிவிடத்தான் நினைத்தேன் டீச்சர். சத்தியமாக. ஆனால் பயத்தில் நாக்கு பழகின பக்கமே போயிற்று. ‘ஆமாங்க, அவங்க போனாங்க’ என்று வந்துவிட்டது.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேண்டுமென்றே சொன்னதாக அவன் நினைத்துக்கொண்டான். ‘சீனாக்காரனுக்கு மரியாத ஜாஸ்தியா இருக்கு. எவ்வளவு நாளைக்குன்னு பாக்கறேன்’ என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்த ரொட்டிப் பொட்டலத்தை விரலால் அழுத்திப் பள்ளமாக்கிவிட்டுப் போனான்.

ஒன்றும் ஆகாது. கவலைப்பட வேண்டாம்.

குவான்

◆

சம்சுய்போ
15 மே 1966

மதிப்புக்குரிய குவான் அவர்களுக்கு,

நலமா? இங்கே போன மாதம் படகுக் கட்டண உயர்வைச் சொல்லிப் பெரும் கலவரம். எங்கள் தெருமுனையில் பேருந்தை எரித்தார்கள். ஊரடங்கு போட்டார்கள். அறைக்கதவுக்குப் பின்னால் மேசையை நகர்த்தி வைத்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழவியின் எடை கூடுதலாக இருந்தால் கதவு தாங்கும் என்று ஒரு நினைப்பு.

தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு தூங்கவில்லை. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அந்த மனிதர் மறுபடி வந்தால் அவர் சொல்கிற மாதிரியே சொல்லிவிடுங்கள். ஒரு சொல்தானே? ‘அவங்க’வை விழுங்கிவிட்டு ‘அவ’ என்றால் அந்த அம்மையார் புரிந்துகொள்ள மாட்டாரா? கிணற்றில் விழுந்தவன் எந்தக் கயிறு என்று பார்க்கலாமா? மரியாதையை மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம். மனதைத் திறந்து பார்க்கும் அதிகாரி இன்னும் பிறக்கவில்லை.

தொலைபேசியும் பழுதாகிவிட்டது என்று சொல்லலாமே.

உடனே பதில் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

லாம் சுய்ஹான்

◆

மிஸஸ் டார்வர் மேற்பார்வை, மில் தெரு, ஹாலோபெண்ட்
28 ஆகஸ்ட் 1966

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். நான் மிக்க நலம். இங்கே வானிலை மிகவும் அருமையாக இருக்கிறது. ஆற்றுக்காற்று மிகவும் இனிமை. பருத்தி நன்றாகப் பூத்திருக்கிறது. எல்லோரும் மிகவும் அன்பாக இருக்கிறார்கள். சாப்பாடும் ருசியாக இருக்கிறது. சோளரொட்டி பழகிவிட்டது.

இனிமேல் கடிதங்களை மேலே உள்ள முகவரிக்கு எழுதவும். தபால்காரருக்கு அது வசதி.

தங்கள் முழங்கால் எப்படி உள்ளது?

குவான்

◆

சம்சுய்போ
16 செப்டம்பர் 1966

மதிப்புக்குரிய குவான் அவர்களுக்கு,

முழங்கால் முனகுகிறது. அதை விடுங்கள்.

இத்தனை வருஷத்தில் தாங்கள் எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் காற்று இனிமையாக வீசியதில்லை. கோடையில் வெயில் கொல்கிறது என்பீர்கள், பனியில் குளிர் கொல்கிறது என்பீர்கள். இந்த முறை ஒரே கடிதத்தில் எத்தனை ‘மிகவும்’! காற்சட்டையை நனைத்துவிட்ட பிள்ளைதான் வகுப்பிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து ‘எல்லாம் சரியா இருக்கு டீச்சர்’ என்று உரக்கச் சொல்லும்.

தாளின் பின்பக்கம் ஏதோ தேவாலயத்தின் ஆராதனை நிகழ்ச்சி அச்சடித்திருக்கிறது. கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத்தாள்கூட இல்லையா? பாகற்கொடி காய்த்ததா என்றும் எழுதவில்லை.

கடை எங்கே?

லாம் சுய்ஹான்

◆

மில் தெரு, ஹாலோபெண்ட்
10 அக்டோபர் 1966

டீச்சரம்மாவுக்கு,

கும்பிடறேன். நான் ஒடெஸா டார்வர். உங்க கவர் பின்னாடி அட்ரஸ் இருந்துச்சு. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்னு அவரு ஒரு தடவை பெருமையா சொன்னாரு. எனக்குப் பேசுற மாதிரியேதான் எழுத வரும், பொறுத்துக்கங்க. நான் எழுதறது அவருக்குத் தெரியாது.

உங்க கடுதாசிய கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பதில் எழுத மாட்டேங்கறாரு. அதனால நான் எழுதறேன்.

கடை இல்லம்மா. எரிச்சிட்டாங்க. ஜூலை மாசம், ஞாயித்துக்கெழமை, நாங்கெல்லாம் சர்ச்சுல இருக்கோம். பட்டப்பகல்ல. இவரு பின்னாடி பாகக்கொடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்திருக்காரு, அதனால பொழச்சாரு. கொடிதான் வெந்துபோச்சு. என் வீட்டு முன்னறையில தங்க வச்சிருக்கேன். ஊரு என்ன பேசும்னா கேக்கறீங்க? பேசட்டும். எனக்கு இருக்கற வயசுக்கு அது ஒரு மெச்சல்தான்.

ஒண்ணு சொல்லணும். உங்க ஆளுக்கு இங்கிலீஷ் படிக்க வராதுல்ல? கடையில எந்தச் சாமானா இருந்தாலும் கடைசி ஒண்ண விக்கவே மாட்டாரு. மத்தி மீன் டப்பா ஒண்ணுதான் மிச்சம்னா, ‘அது தூங்குது, எழுப்பக் கூடாது’ம்பாரு. மொத்த வியாபாரி வந்தா அந்தக் கடைசி டப்பாவக் காட்டித்தான் ‘இதுல இவ்வளவு’ன்னு கேப்பாரு. நாங்க ரொம்ப கிண்டல் பண்ணுவோம். தீயில அந்தக் கடைசி டப்பாவெல்லாம் போச்சு. மொத்த வியாபாரி வந்தாரு. இவரு கைய விரிச்சுக்கிட்டு நிக்கறாரு, காட்ட ஒண்ணுமில்ல. தெருவே பாத்துச்சு. அடுத்த தடவ அந்தாளு வரதுக்குள்ள ஒவ்வொரு வீட்டுலேந்தும் வந்தாங்க டீச்சரம்மா. காலி மத்தி டப்பா, காலி மாவுப்பை, மூக்குப்பொடி டின்னு, சோப்பு அட்டை. என் வாசப்படி பூரா குப்பைத்தொட்டி மாதிரி ஆயிடுச்சு. இவரு ஒவ்வொண்ணா தொடச்சு வரிசையா வச்சாரு. அழுவறாருன்னு யாரும் பாக்காத மாதிரி இருந்தோம். இப்போ என் முன்னறைதான் கடை.

இனிமேதான் விஷயம். பெரிய சர்க்கார் ஆளுங்க கோட்டு போட்டுக்கிட்டு விசாரிக்க வந்தாங்க. ரக்கர் வண்டி பின்சந்துல போனத இவரு கண்ணால பாத்தாரு. எங்கிட்ட சொன்னாரு. ஆனா அவங்க ‘முதல்ல உங்க பேரு சொல்லுங்க, சத்தியம் பண்ணி’ன்னதும் பொம்ம மாதிரி ஆயிட்டாரு. வாயே தொறக்கல. அவங்க போயிட்டாங்க. நான் ஏசினேன். ‘எனக்காகத்தானே உங்க கடை போச்சு, எனக்காகவாச்சும் சொல்லக் கூடாதா’ன்னேன். அவரு டப்பாவ தொடைக்கப் போயிட்டாரு. ரக்கருக்கு பயப்படறாருன்னா புரியுது, நானும் பயப்படறேன். இது வேற என்னமோ பயம். பேரு கேட்டா ஒரு மனுஷன் ஏன்மா இப்படி வேத்துக் கொட்டறாரு?

உங்களுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். எங்கிட்ட சொல்ல வேணாம். அவருகிட்ட பேசுங்க. அடுத்தது யாரு வீடுன்னு தெரியாம நாங்க இங்க உக்காந்திருக்கோம்.

சாப்பிடறாரு. கொஞ்சமா.

மிஸஸ் ஒடெஸா டார்வர்

◆

சம்சுய்போ
6 நவம்பர் 1966

தம்பி,

தம்பி என்றுதான் எழுதுவேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். எழுதிவிட்டு எழுந்துபோய் அறைக்கதவைத் தாழிட்டு வந்தேன்.

மிஸஸ் டார்வர் எழுதினார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை, சொல்லும் உரிமை உன்னுடையது.

உனக்கு என்ன எழுதுவதென்று நாலைந்து தாள்களைக் கிழித்துவிட்டேன். ‘சொல்லிவிடு’ என்று எழுதினால், அது அக்கா தன் பயணத்துக்காகத் தம்பியை நெருப்பில் தள்ளியதாகிவிடும். நீ பெயரைச் சொன்னால் எனக்கும் அங்கே வர வழி பிறக்கும், இதை நான் மறைத்து என்ன பயன்? ‘சொல்லாதே’ என்று எழுதினால், அந்தத் தெருவில் அடுத்த வீடு எரியும்போது அதில் என் கையும் இருக்கும். அதனால் என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு. நான் வர மாட்டேன் என்று வைத்துக்கொள். இந்த ஆறாவது மாடி அறையே எனக்குப் போதும் என்று வைத்துக்கொள். அதற்குப் பிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்.

அந்த ஒரு சொல்லை விழுங்கிவிடு என்று உனக்கு எழுதியவள் நான்தான். நீ விழுங்கவில்லை. நாக்குத் தவறி வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நான் இத்தனை வருஷம் பிள்ளைகளின் தவறுகளைப் பார்த்தவள். தவறு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும். மூன்று முறை கேட்டும் மாறாமல் வருவது தவறல்ல, அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த விடை.

பயமாக இருக்கிறது, தம்பி. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா

◆

மில் தெரு, ஹாலோபெண்ட்
12 மார்ச் 1967

அக்கா,

பனிக்காலம் முழுக்க எழுதவில்லை. எழுதினால் பயம் தாளில் ஏறி உன்னிடம் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

போய்ச் சொல்லிவிட்டேன்.

முதலில் மிஸஸ் டார்வரிடம் சொன்னேன். அவர் அடுப்படியில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தார். ‘நான் குவான் இல்லீங்க. என் பேரு லாம்’ என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தார். ‘என்னது, ஆட்டுக்குட்டியா?’ என்றார். அவர்கள் மொழியில் அந்த ஒலிக்கு அதுதான் அர்த்தமாம். எங்கள் லாம் என்றால் காடு என்று சொன்னேன். ‘இத்தன வருஷமா வாய் வலிக்க மிஸ்டர் குவான், மிஸ்டர் குவான்னு கூப்பிட்டேனே, எவன்யா அது? அவனுக்குக் கடன் ஏதும் கொடுத்தேனா?’ என்று சத்தம் போட்டார். பிறகு முகத்தை இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் துடைத்துக்கொண்டு, ‘பயப்படாதீங்க. பைபிள்ல கடைசில ஆட்டுக்குட்டிதான் ஜெயிக்கும்’ என்றார். உன்னைப் பற்றியும் சொன்னேன். ‘அந்த டீச்சரம்மா உங்க அக்காவா! அதான் கடுதாசில அந்த மெரட்டல்!’ என்றார்.

அந்தச் சர்க்கார் ஆட்களின் அலுவலகம் இருக்கிற ஜாக்சன் நகரத்துக்கு என்னோடு பேருந்தில் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தோம். கறுப்பர்கள் பின்னால்தான் உட்கார வேண்டும் என்று இருந்த பேருந்து அது, யார் ஏறினாலும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அறைக்குள் அவரை விடவில்லை. கோட்டுப் போட்டவர் கேட்டார். ‘லாம் விங்கின்’ என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். எப்படி வந்தேன், யார் பெயரில் வந்தேன், எல்லாம் சொன்னேன். பிறகு ரக்கர் வண்டியையும் சொன்னேன். குடியுரிமைச் சான்றை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதில் வரும்வரை ஊரைவிட்டுப் போகக்கூடாது. எப்போது வரும் என்று கேட்டேன். தெரியாது என்றார்கள். ரக்கர் வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கும் கூப்பிடுவார்களாம்.

ரக்கர் வெளியில்தான் இருக்கிறான். கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பான். தெருக்காரர்கள் முறைவைத்து எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள்.

இருக்க விட்டால் உன்னை உன் பெயரிலேயே கூப்பிடுவேன். அனுப்பிவிட்டால் நானே அங்கே வந்துவிடுவேன். எப்படியும் பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பகலில் அது வேடிக்கையாக இருக்கிறது, இரவில் இல்லை.

உன் தம்பி
லாம் விங்கின்

◆

சம்சுய்போ
25 ஜூன் 1967

அன்புள்ள தம்பி விங்கினுக்கு,

உன் பெயரை எழுதி, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வந்தேன். நீ நலமாக இருக்க வேண்டும். இருமலை இன்றைக்கு விசாரிக்கவில்லை, அது உன்னோடு இருக்கிறது என்றால் நீ இருக்கிறாய் என்று அர்த்தம்.

இங்கே மறுபடியும் கலவரம். ஆலைகளில் சண்டை, தெருக்களில் தடியடி, கண்ணீர்ப்புகை. சந்தைக்குப் போகும்போது ஒவ்வொரு முனையிலும் நின்று காதைத் தீட்டிக்கொள்கிறேன். அதைவிடத் தபால்காரர் படியேறும் சத்தத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். உன்னை வைத்துக்கொண்டார்களா, அனுப்பிவிட்டார்களா என்று எந்த உறையில் வருமோ. இதுவரை வரவில்லை.

மிஸஸ் டார்வருக்கு நன்றி சொல்லி நான் ஒரு கடிதம் எழுதினேன். அழகான கடிதம் என்றுதான் நினைத்தேன். அவர் பதில் எழுதினார்: ‘நன்றியெல்லாம் எல்லாரும் சொல்றாங்கம்மா. சர்ச்சுல சொல்றாங்க, பேப்பர்ல சொல்றாங்க. பேரு எழுதப் போன அன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் எவனும் கேக்கல.’ வெட்கப்பட்டுப் போனேன். கேட்டேன்.

அவர் எழுதியதைச் சொல்கிறேன். கோர்ட்டில் பேனாவைக் கையில் எடுத்தாராம். முதல் எழுத்தைப் போட்டதும் அடுத்த எழுத்து மறந்துபோயிற்று. சொந்தப் பெயர், தம்பி! வேர்வை தாளில் சொட்டுகிறது, குமாஸ்தா பக்கத்து ஆளைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். வேலையிலிருந்து நேரே போனதால் கோட்டுக்குள் சமையல் ஏப்ரன் இருந்தது. துணிகள் கலந்துவிடாமல் இருக்க ரக்கர் வீட்டம்மாள் அதன் பையில் ‘ஒடெஸா’ என்று நூலால் தைத்து வைத்திருந்தாள். பைக்குள் இடக்கையை விட்டு ஒவ்வொரு தையலாகத் தடவித் தடவி வலக்கையால் எழுதினாராம். ‘அந்த வீட்டுத் தையல் அதோட முடிஞ்சுபோச்சு. டார்வர்ங்கறத யாரும் தச்சுத் தரல டீச்சரம்மா. அத நானே எழுதினேன்.’ என்று எழுதியிருக்கிறார்.

அந்த நாட்டுக்கு நல்ல மனம் வந்தது எப்படி என்று உன்னைக் கேட்டவள் நான். பயத்தில் தன் பெயரே மறந்துபோன ஒரு பெண்மணியின் விரல்நுனியிலிருந்து வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். நான் அங்கே வந்து சேர்ந்தாலும் சேராவிட்டாலும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊர்களில் கடை வைத்திருக்கும் நம் இனத்தார் உன்னிடம் வருகிறார்கள் என்று எழுதியிருந்தார். மனைவியையும் மக்களையும் தங்கையையும் கூப்பிட்டுக்கொள்ள விண்ணப்பம் எழுதுகிறவர்கள். அவர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதியை உரக்கப் படித்துக் காட்டு. நன்றி சொல்வது எப்படி என்று தெரியாமல் நான் செய்த பாதி வேலையை அவர்கள் செய்ய வேண்டாம்.

உங்களுக்கு முன்னால் கோர்ட்டில் பெயர் எழுத வரிசையில் நின்ற ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். இன்றைக்கு அவர் வீட்டுக்குப் போங்கள், ‘அன்னிக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?’ என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை நன்றி என்று சொல்லாதீர்கள்.

உன் அக்கா
லாம் சுய்ஹான்